முத்துலட்சுமி வந்துருச்சா?

போன மாதம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. உறவுக்காரப் பெண்ணைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஏழாம் மாசம் இருக்கும். இன்னொருத்தி மடியில் கைக்குழந்தை. குழந்தைக்காரி கேட்டாள்: "முத்துலட்சுமி வந்துருச்சாக்கா?" மற்றவள் உதட்டைப் பிதுக்கினாள். "மொதல்ல ஒரு தடவ ஏறுச்சு. அடுத்தது இன்னும் ஏறல. கேட்டா பேங்க்ல போய்ப் பாருங்கறாங்க."

முத்துலட்சுமி என்பது அவர்களுக்கு ஒரு தொகையின் பெயர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பணமும் சத்துப் பொருட்களுமாக 18 ஆயிரம் ரூபாய். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "அந்தம்மா யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். "யாராச்சும் அமைச்சரோட அம்மாவா இருக்கும்" என்றாள் கர்ப்பிணி.

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் முப்பது வருஷமாகத் திட்டங்களுக்குப் பெயர் வைக்கும் லட்சணத்தைப் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? படித்தவர்களைக் கேட்டாலும் பதில் பெரிதாக மாறப்போவதில்லை. "முதல் பெண் டாக்டர்களில் ஒருவர்", "அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி", "ஔவை இல்லம்" என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. அவர் எம்.எல்.சி. இன்றைய கணக்கில் ஓர் எம்.எல்.ஏ. 1926 கடைசியில் உள்ளே போனார், 1930-ல் வெளியே வந்தார். முழுசாக நான்கு வருஷம்கூட இல்லை. அந்த அவகாசத்தில் ஒரு சட்டசபை உறுப்பினர் என்பவர் எதற்காக இருக்கிறார் என்பதைச் செய்து காட்டிவிட்டுப் போனார். அதைத்தான் நாம் சுத்தமாக மறந்துவிட்டோம். நாம் என்றால் எம்.எல்.ஏ.க்களும், ஓட்டுப் போடுகிற நானும் நீங்களும்.

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஆபீசுக்கு ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் நாற்பது ஜோடி செருப்பு இருக்கும். ஒருவருக்கு மகனுக்கு டிரான்ஸ்பர் வேண்டும். ஒருவருக்கு பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் சீட். ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோயிருக்கிறது. ஒரு கோஷ்டி கும்பாபிஷேகப் பத்திரிகையோடு காத்திருக்கிறது. இன்னொரு பையன் ராத்திரி ஸ்டேஷனில் உட்காரவைத்த தன் தம்பியை வெளியே எடுக்க வந்திருக்கிறான். அப்புறம் காதுகுத்து, கல்யாணம், கருமாதி. எனக்குத் தெரிந்த ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. முகூர்த்த நாளில் பதினேழு கல்யாணத்துக்குப் போன கணக்கைப் பெருமையாகச் சொன்னார். "மசோதாவெல்லாம் படிப்பீங்களாண்ணே?" என்று கேட்டேன். தமாஷ் செய்கிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பாட்டியின் பென்ஷன் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அது நின்றுபோனால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறதே, ஏன் என்றுதான் கேட்கிறேன். தாலுகா ஆபீஸ் எதற்கு இருக்கிறது? கவுன்சிலர் எதற்கு இருக்கிறார்? சாக்கடைக்கு ஓர் ஆள், ரேஷன் கார்டுக்கு ஓர் ஆள் என்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் வேலை செய்யாததால் அந்த வேலைகளெல்லாம் எம்.எல்.ஏ. தலையில் விழுகின்றன. எம்.எல்.ஏ.வின் சொந்த வேலை யார் தலையிலும் விழாமல் நடுத்தெருவில் கிடக்கிறது. சட்டம் செய்யத்தான் சட்டமன்றம். 234 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோமே, அவர்களில் யாராவது ஒரு சட்டத்தை யோசித்து, எழுதி, கொண்டுவந்து, வாதாடி, நிறைவேற்றியதாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மந்திரிகளைச் சொல்லவில்லை. சாதா உறுப்பினரைக் கேட்கிறேன்.

இல்லைதானே. அதனால்தான் முத்துலட்சுமி.

அவர் பிறந்தது 1886-ல், புதுக்கோட்டையில். அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பெண். பையன்கள் படிக்கிற கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கவே சமஸ்தானத்து ராஜா தலையிட வேண்டியிருந்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். இந்தக் கதையெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நான் அவருடைய சட்டசபைக் கதைக்குப் போகிறேன்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு 1921-ல் வந்தது. எல்லாப் பெண்களுக்கும் இல்லை, சொத்து இருந்தவர்களுக்கு மட்டும். தேர்தலில் நிற்கும் உரிமை 1926-ல்தான் கிடைத்தது. அந்த வருஷமே கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று, சொற்ப ஓட்டில் தோற்றார். அடையாற்றிலிருந்த இந்தியப் பெண்கள் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சிபாரிசு செய்ய, வெள்ளைக்கார அரசாங்கம் அவரை நியமன உறுப்பினராக உள்ளே அனுப்பியது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். உள்ளே போன கொஞ்ச நாளில் சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரு நியமன உறுப்பினருக்குப் பின்னால் கட்சி இல்லை, தொகுதி இல்லை. போட்டது அரசாங்கம். துணைத் தலைவர் நாற்காலி வேறு கிடைத்துவிட்டது. நம் ஊர் வழக்கப்படி அடுத்து என்ன நடந்திருக்க வேண்டும்? மாலை, பாராட்டு விழா, நூலகத் திறப்பு, ரிப்பன் வெட்டு. ஐந்து வருஷம் ஓடிப்போயிருக்கும்.

அவர் 1927 நவம்பரில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று. சபை ஏற்றுக்கொண்டது. தீர்மானம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அரசுக்குச் சொல்லப்படும் ஒரு யோசனை. வெள்ளைக்கார அரசுக்கு இந்துக்களின் கோயில் சமாசாரத்தில் கைவைக்கப் பயம். தானாக எதையும் செய்கிற அவசரத்தில் அது இல்லை.

முத்துலட்சுமி காத்திருக்கவில்லை. 1928-ல் தானே ஒரு மசோதாவை எழுதிக்கொண்டு வந்தார். அந்த மசோதாவில் அவர் எதைத் தொட்டார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். எடுத்த எடுப்பில் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்ய அவர் போகவில்லை. நிலத்தைத் தொட்டார்.

தேவதாசிகளுக்குக் கோயில்களில் மானிய நிலம் உண்டு. ஊழியம் செய்கிறவரைதான் நிலம். ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். வீட்டில் ஒரு பெண் வயதாகி ஒதுங்கினால் அந்த இடத்துக்கு இன்னொரு பெண் வேண்டும். மகள் இருந்தால் மகள். இல்லையென்றால் ஒரு சிறுமியைத் தத்து எடுக்க வேண்டும். அவளுக்குப் பொட்டுக்கட்டினால்தான் அடுத்த தலைமுறைக்குச் சோறு. ஒரு தாய் தன் மகளை ஏன் பொட்டுக்கட்டி விட்டாள் என்று மேடையில் கண்ணீர் வடித்தவர்கள் நிறையப் பேர். அந்தத் தாயின் கணக்கில் நிலம் இருக்கிறது என்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். முத்துலட்சுமி பார்த்தார். அம்மா வழியில் அந்த வீடுகளின் உள்பக்கம் தெரிந்தவர் அல்லவா?

அவர் கொண்டுவந்த திருத்தம் சுருக்கமாக இதுதான்: ஊழியம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த நிலம் அந்தப் பெண்ணுக்கே. இந்து அறநிலையச் சட்டத்துக்கான இந்தத் திருத்தம் 1929-ல் சட்டமானது. 1929-ன் ஐந்தாவது சட்டம். பிடிக்காதவள் வெளியே வரலாம், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பெண்ணைப் பிணைத்திருந்த கயிற்றில் முதலில் எந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு அவிழ்த்தார். ஒரு தேர்ந்த சர்ஜனைப் போல என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் நிஜமாகவே டாக்டர் என்பதால் விட்டுவிடுகிறேன்.

முத்துலட்சுமி ரெட்டி என்றதும் மேடைப் பேச்சாளர்கள் ஒரு கதை சொல்வார்கள். தேவதாசி முறை தொடர வேண்டும் என்று சபையில் பேசியவரைப் பார்த்து, அப்படியானால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள் என்று நறுக்கென்று கேட்டார் என்பார்கள். அதை முத்துலட்சுமி சொன்னார் என்று ஒருவர், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் சொல்லச் சொன்னார் என்று ஒருவர், பெரியார் என்று இன்னொருவர். சத்தியமூர்த்தி எதிர்த்தது உண்மை. மற்றது ஆளுக்கு ஒரு மாதிரி. எனக்கு அந்த வசனம் வேண்டாம். நமக்கு எப்போதும் பன்ச் டயலாக்தான் ஞாபகம் இருக்கும். மானிய நிலம் பற்றிய சட்டப் பிரிவு ஞாபகம் இருக்காது. ஒரு தமிழ் சினிமா ரசிகன் தன் சட்டசபை உறுப்பினரை எப்படி நினைவு வைத்திருப்பானோ, அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அவரிடம் எனக்குச் சண்டையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சமயத்தில் தேவதாசிப் பெண்களே சங்கமாகச் சேர்ந்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னால் நின்றார். நாங்கள் விபசாரிகள் இல்லை, எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள், எங்களுக்குப் படிப்புக் கொடுங்கள் என்பது அவர்கள் கட்சி. அந்தக் குரலுக்கு முத்துலட்சுமி கொடுத்திருக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கற்பு, ஒழுக்கம், குடும்பப் பெண் என்ற அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத் தராசில்தான் அவரும் எல்லாரையும் நிறுத்தார். இதைச் சொல்வதால் அவர் குறைந்துபோய்விட மாட்டார். ஆனால் பாருங்கள், இப்படிச் சண்டை போடுவதற்காவது அவர் எதையோ செய்து வைத்திருக்கிறார். தீர்மானம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, எதிர்த்தவர்களின் மனு இருக்கிறது. நம் தொகுதி எம்.எல்.ஏ.வோடு நான் எதை வைத்துச் சண்டை போடுவது? பஸ் ஸ்டாப் நிழற்குடையில் அவர் பெயரை எத்தனை அங்குலத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதை வைத்தா?

இந்த இடத்தில் யாராவது ஓர் எம்.எல்.ஏ. குறுக்கிட்டு, "சார், அந்தக் காலம் வேற. நாங்க கட்சி சொல்றபடிதான் ஓட்டுப் போட முடியும்" என்று சொல்லக்கூடும். நியாயம்தான். முழுப் பழியையும் அவர்கள் மேல் போட முடியாது.

1985-ல் ராஜீவ் காந்தி ஆட்சியில் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. ஆயா ராம், கயா ராம் கூத்துக்கு முடிவு கட்டுவதாகச் சொன்னார்கள். அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை என்று பெயர். அதில் ஒரு பிரிவு, கட்சி சொன்னதற்கு மாறாக ஓர் உறுப்பினர் சபையில் ஓட்டுப் போட்டாலோ, போடாமல் விட்டாலோ, பதினைந்து நாளைக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி காலி என்கிறது. ஆட்சி கவிழும் நம்பிக்கை வாக்கெடுப்பில் இதைச் சொன்னால் எனக்குப் புரிகிறது. ஆனால் இது எல்லா ஓட்டுக்கும் பொருந்தும். குளத்தைத் தூர்வாரும் மசோதாவுக்கும் பொருந்தும். ஓட்டைத் திசைதிருப்பும் இந்த அதிகாரத்தை நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்ற விஷயங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று சுப்ரீம் கோர்ட் 1992-லேயே சொல்லிவிட்டது. எந்தக் கட்சியாவது காதில் போட்டுக்கொண்டதா? இதில் மட்டும் டெல்லியிலிருந்து கோட்டை வரை அத்தனை கட்சிக்கும் அப்படி ஓர் ஒற்றுமை!

சரி, கட்சித் தாவலாவது நின்றதா? தமிழ்நாட்டையே பார்ப்போம். 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட 11 பேரின் பதவி போகவில்லை. அவர்களில் ஒருவர் அதே வருஷம் துணை முதல்வரே ஆனார். ஆளுநரைப் பார்த்து முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று மனுக் கொடுத்த 18 பேருக்கு செப்டம்பரில் பதவி போனது. சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் தப்பித்தார், ராஜ்பவனில் காகிதம் கொடுத்தவர் மாட்டினார். எந்தச் சட்டம் படித்தால் இது விளங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, அந்தச் சட்டத்தால் தாவுகிறவர்களைத் தடுக்க முடியவில்லை. யோசிக்கிறவர்களைத்தான் தடுத்தது.

இதன் விலை என்னவென்று 2023-ல் பார்த்தோம். ஏப்ரல் 12-ஆம் தேதி தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டசபையில் தாக்கலானது. சில தொழிற்சாலைகளில் தொழிலாளி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்ய வழிவிடுகிற மசோதா. 21-ஆம் தேதி குரல் ஓட்டில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. வெளியே தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் மசோதாவை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று முதல்வர் வாபஸ் என்று அறிவித்தார். வாபஸ் வாங்கியது நல்லது, பாராட்டுகிறேன். ஆனால் குரல் ஓட்டில் "ஆம்" என்று குரல் கொடுத்த ஆளும் கட்சி உறுப்பினர்கள் அத்தனை பேரும் பத்து நாள் கழித்து வாபசையும் வரவேற்றார்களே, அவர்களுடைய சொந்த அபிப்பிராயம் எது? முதலாவதா, இரண்டாவதா? எட்டு மணி நேர வேலை என்பது ரத்தம் சிந்தி வாங்கிய உரிமை என்று மே தினத்துக்கு மே தினம் மேடையில் முழங்குகிறவர்கள் இவர்கள்தான்.

இது ஒரு கட்சியின் வியாதி இல்லை. 110 விதியின் கீழ் முதல்வர் எழுந்து அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதமே கிடையாது, மேஜையைத் தட்டலாம். அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு 2011-லிருந்து ஐந்து வருஷம் ஓர் ஆட்சி எப்படி நடந்தது என்று பார்த்தோமே! மற்ற மாநிலங்களும் யோக்கியம் இல்லை. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு வருஷா வருஷம் கணக்கு எடுக்கிறது. 2023-ல் இந்தியாவின் மாநிலச் சட்டசபைகள் சராசரியாகக் கூடியது இருபது சொச்சம் நாள். மசோதாக்களில் நூற்றுக்கு 44, தாக்கலான அன்றோ மறுநாளோ நிறைவேறியிருக்கின்றன. மறுநாள் நிறைவேறும் மசோதாவை உறுப்பினர் எப்போது படிப்பார்? கேன்டீனில் டிபன் சாப்பிடும்போதா?

தனி உறுப்பினர் மசோதா என்ற வழி இன்றும் விதிகளில் இருக்கத்தான் செய்கிறது. பாராளுமன்றத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு மொத்தம் 14 தனி உறுப்பினர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஆனது 1970-ல். 2015-ல் நம் திருச்சி சிவா திருநங்கையர் உரிமைக்காகக் கொண்டுவந்த மசோதா ராஜ்ய சபையில் நிறைவேறியது. மக்களவையில் அது தேறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரசு சும்மா இருக்க முடியாமல், 2019-ல் தானே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் குறை நிறைய உண்டு, அது தனிக் கதை. ஒரு தனி உறுப்பினர் தோற்றுக்கூட ஓர் அரசை நகர்த்த முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முத்துலட்சுமியும் தோற்றார். 1930-ல், இந்த முறை நேராகப் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். நிலத்தை முடித்துவிட்டார், இனிமேல் தடை. அந்த மசோதா கரையேறுவதற்குள் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. மே மாதம் காந்தி கைதானார். எந்த அரசாங்கம் தன்னை நியமித்ததோ அந்த அரசாங்கம் காந்தியைச் சிறையில் வைத்திருக்கும்போது தான் இங்கே உட்கார்ந்திருப்பதா என்று நினைத்தார். ராஜினாமா செய்தார்.

மசோதா அனாதையாயிற்று. தடைச் சட்டம் வர 1947 ஆனது. பதினேழு வருஷம். அந்தப் பதினேழு வருஷத்தில் பொட்டுக்கட்டப்பட்ட ஒவ்வொரு சிறுமிக்கும் அந்த ராஜினாமாவில் ஒரு பங்கு உண்டு. அவர் செய்தது சரியா? எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நானாக இருந்தால் மசோதா முடியும்வரை ஒட்டிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. அவர் விட்டுக்கொடுத்தது நாற்காலியை மட்டும் இல்லை, தன் வாழ்நாள் லட்சியத்தின் பாதியை.

இப்போது ராஜினாமா என்ற அதே வார்த்தை கர்நாடகத்தில் 2019-ல் என்ன ஆயிற்று என்று பாருங்கள். காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளம் இரண்டிலுமாகப் பதினைந்து பேருக்கு மேல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு மும்பை ஹோட்டலில் போய் உட்கார்ந்தார்கள். ஆட்சி கவிழ்ந்தது. சபாநாயகர் 17 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். டிசம்பர் இடைத்தேர்தலில் அவர்களில் பெரும்பாலோர் பா.ஜ.க. வேட்பாளராக நின்றார்கள், பெரும்பாலோர் ஜெயித்தார்கள், பலர் மந்திரியும் ஆனார்கள். மனசாட்சி உறுத்தி பதவியை விடுவதற்குத்தான் முன்பு ராஜினாமா என்று பெயர். இப்போது அது பிரமோஷனுக்குப் போடும் விண்ணப்பம். மக்களும் ஜெயிக்கவைத்தார்களே என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான் முதலிலேயே என்னையும் உங்களையும் சேர்த்துச் சொன்னேன்.

முத்துலட்சுமி சபையை விட்டு வந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி மூன்று தேவதாசிப் பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எங்களுக்கு அந்த வாழ்க்கை வேண்டாம், தங்க இடம் கொடுங்கள் என்று. ஊரில் இருந்த விடுதிகளில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. நம் ஊரில் சட்டம் செய்தவரைத் தேடி அந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்டவர் வந்தால் கேட்டில் செக்யூரிட்டி நிற்பார். புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்தவர் 1954-ல் கேன்சர் இன்ஸ்டிடியூட் தொடங்கியது, 1956-ல் பத்மபூஷண், 1968-ல் மறைவு, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அவர் விட்டுப்போன கதவு பெண்களுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2021 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு ஜெயித்துப் போன பெண்கள் 12 பேர். 234-ல் 12. முதல் பெண் உறுப்பினரைக் கொடுத்த மாகாணம், தொண்ணூற்றைந்து வருஷம் கழித்து! மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுச் சட்டத்தை 2023-ல் பாராளுமன்றத்தில் கைதட்டி நிறைவேற்றினார்கள். நிறைவேற்றும்போதே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து தொகுதி மறுவரையறை ஆன பிறகுதான் அமல் என்று ஒரு வாலையும் கட்டினார்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். இதுவும் ஒரு தந்திரம்தான் என்பது என் அபிப்பிராயம். சட்டசபை உறுப்பினரை ஒரு குட்டி பஞ்சாயத்துத் தலைவராக்கி, நிழற்குடையும் சமுதாயக் கூடமும் கட்ட விட்டுவிட்டால், அவர் ஏன் கோட்டையில் கேள்வி கேட்கப்போகிறார்? சம்பளம் 2017-ல் 55 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்து ஐயாயிரமாக உயர்ந்தது. சம்பளம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐந்து லட்சம்கூடக் கொடுக்கலாம். அந்தப் பணத்தில் சட்டம் படித்த இரண்டு பிள்ளைகளை ஆபீசில் வைத்து, வருகிற மசோதா ஒவ்வொன்றையும் பிரித்துப் படிக்கச் சொல்வார் என்றால்.

முத்துலட்சுமி தன் சட்டசபை அனுபவங்களைப் புத்தகமாகவே எழுதி 1930-ல் வெளியிட்டார், ஆங்கிலத்தில். பதவி முடிந்த எம்.எல்.ஏ. ஒருவர் இன்றைக்கு அப்படி ஒரு புத்தகம் எழுதினால் அதில் என்ன இருக்கும்? முதல் அத்தியாயம் தலைவருக்கு நன்றி. இரண்டாவது அத்தியாயம் தலைவரின் வாரிசுக்கு நன்றி. அப்புறம் போட்டோ ஆல்பம்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் நானும் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். என் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பணிவாகத்தான். ஐயா, கடைசிக் கூட்டத்தொடரில் நீங்கள் எந்தெந்த மசோதா மீது பேசினீர்கள்? எதற்காவது திருத்தம் கொடுத்தீர்களா? உங்களுக்கு அனுமதி கிடைத்தால் நீங்களே கொண்டுவர ஆசைப்படும் ஒரு சட்டம் எது? மூன்றே கேள்வி. பதில் வராது என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் அவருடைய உதவியாளர் போன் செய்தார். ரொம்ப மரியாதையான பையன்.

"சார், உங்க மனு கெடச்சுது. அண்ணன் உடனே கவனிக்கச் சொன்னாரு."

"ரொம்ப சந்தோஷம் தம்பி."

"ஆனா ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன் சார். கோரிக்கை என்னன்னுதான் தெரியல. டிரான்ஸ்பரா, பட்டாவா?"